முன்னால் ஒன்று வேண்டும்

எண்பது சென்டிமீட்டர் தண்டவாளம்.
கேமரா மட்டும் ஏறிப் போகும் வண்டி.
முப்பது விநாடி, ஒரே வேகம்,
நிறைகுடம் தூக்கி நடக்கிறவள் போல
சிந்தாமல்.
மாதம் எழுபத்தொன்பது வெள்ளி.
இன்னும் ஏழு தவணை.

பீடோரில், ஆலைக்குத் திரும்பும் முனையில்
என்.எஸ். டயர் கடைக்கு விளம்பரம் எடுக்கப் போனேன்.
என் என்றால் நாகேந்திரன்.
எஸ் என்றால் சுகேந்திரன்.
நடுவில் உள்ள புள்ளி
மூன்று வருஷமாகப் பேசாத பேச்சு.

கடைத் தரையில் மஞ்சள் சாயத்தில் ஒரு கோடு.
அந்தப் பக்கம் ஒரு ஜாக்கி, இந்தப் பக்கம் ஒரு ஜாக்கி.
காற்றடிக்கும் எந்திரம் மட்டும் ஒன்றுதான்;
அதன் குழாய் கோட்டைத் தாண்டிப் போய்வருகிறது,
இரண்டு வீட்டிலும் சாப்பிடும் பூனை மாதிரி.
அண்ணனுக்குத் தம்பி சொல்ல வேண்டியதை
ரஃபீக் சொல்வான், மலாயில்.
பதிலும் ரஃபீக்கில் ஏறித்தான் திரும்பும்,
இரண்டடி தூரத்துக்கு.

ஸ்லைடருக்கு நான்கு கால்.
சமமான தரை கோட்டுக்கு மேல்தான் கிடைத்தது.
இரண்டு கால் அண்ணனிடம், இரண்டு கால் தம்பியிடம்.
நீர்க்குமிழி நடுவில் வந்து நின்றது.

முதல் டேக்.
இருவரும் பின்சுவரோரம், ஆளுக்கொரு மூலை,
கடவுச்சீட்டுக்கு நிற்கிற முகம்.
கேமரா நகர்ந்தது. படம் நகரவில்லை.
தூரத்தில் இருப்பது அப்படித்தான்,
எவ்வளவு இழுத்தாலும் அசைந்த மாதிரி இருக்காது.
கிட்டத்தில் ஏதாவது வேண்டும்,
ஒரு டயர், ஒரு கம்பி, ஒரு தோள்.
அது கடந்து போனால்தான்
பின்னால் உள்ளதற்கு உயிர் வரும்.

“யாராவது ஒருத்தர் முன்னால வாங்க.”

ரஃபீக் இந்தப் பக்கம் பார்த்தான்.
ரஃபீக் அந்தப் பக்கம் பார்த்தான்.

இரண்டாவது டேக்கில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி;
தரை நடுங்கி, டயர் அடுக்கே காய்ச்சலில் கிடந்தது.
மூன்றாவதிலும் லோரி.
நான்காவதில் நான்தான், பதிவுப் பொத்தானை அமுக்கவில்லை.
யாரிடமும் சொல்லவில்லை.

நாலு மணிக்கு மழை.
தகரக் கூரையில் காதடைக்கும் இரைச்சல்.
மோட்டார் முனகல் இனிக் கேட்காது.
ரோட்டில் லோரியும் குறைந்தது.
மழைச் சாரலுக்கு ஒதுங்கி
நாகேந்திரன் தானாகவே வந்து உட்கார்ந்தார்,
லென்ஸுக்கு ஒரு முழம் முன்னால், கவிழ்த்த டயர் மேல்.
பின்னால் சுகேந்திரன் ஏதோ சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தார்.
நான் மூச்சுக் காட்டாமல் விரலை வைத்தேன்.

ஐந்தாவது டேக்.
இடமிருந்து வலம்.
பதினோராவது விநாடியில்
அண்ணன் தோளுக்குப் பின்னால் தம்பி மறைந்தார்.
கடையில் ஒரே ஆள்.
பதினான்கில்
அண்ணன் காதோரம் முதலில் ஒரு விரல்,
அப்புறம் ஸ்பேனர்,
அப்புறம் முழங்கை, அப்புறம் தம்பி.

கேமராவைக் கழற்றி எடுத்துப் போய்க் காட்டினேன்.
உள்ளங்கை அளவு திரை.
பார்க்க வேண்டுமென்றால்
இரண்டு தலையும் கிட்ட வந்துதான் ஆக வேண்டும்.
வந்தன.
“இன்னொரு தரம்,” என்றார் ஒருவர்.
இன்னொருவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

“என்னை மறைச்சிட்டார்னு சொல்லு.”
சுகேந்திரன் ரஃபீக்கைத் தேடித் திரும்பினார்.
ரஃபீக் எதிர்க்கடையில், நாலு தே ஓ பொட்டலத்தோடு,
மழை விடுவதற்குக் காத்து நிற்கிறான்.

சொன்ன சொல் போக வழியில்லாமல்
கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

“நீதான்டா பின்னால போய் நின்ன.”

“நான் வேலை பார்த்துக்கிட்டிருந்தேன்.”

“அப்போ நான்?”

மூன்று வருஷத்துக்குச் சேர்த்து வைத்த குரல்
தகரத்து மழையை மீறி எழும்பியது.
நான் சும்மா நின்றேன், கேமராவைக் கையில் பிடித்தபடி.
ஸ்லைடரை நிறுத்த மறந்திருந்தேன்.
ஆள் இல்லாத அதன் சின்னத் தட்டு
கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்
கொஞ்சம் நின்று
இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.